நீரேற்று நிலையம்: டூம் 2-க்கு ஒரு மேப், ஆடிப் பார்த்துச் சொல்லுங்கள்

#1 கால்வாய்க்காரன்

வணக்கம். டூம் 2 என்ற பழைய சுடும் விளையாட்டுக்கு ஒரு மேப் (ஆடும் களம்) முடித்து இங்கே இணைத்திருக்கிறேன். பெயர் "நீரேற்று நிலையம்". மேப்01 இடத்தில் உட்காரும். அல்டிமேட் டூம் பில்டர் என்ற எடிட்டரில் வரைந்தது. புது டெக்ஸ்சர் (சுவர்ப் படம்), புது இசை, புது அரக்கன் எதுவும் கிடையாது, எல்லாம் விளையாட்டோடு வந்தவைதான். 1994-இல் வந்த மூல எக்ஸ்இ-யிலும் (விளையாட்டின் அசல் நிரல் கோப்பு) ஓட வேண்டும் என்பதற்காகப் பழைய ஃபார்மட்டிலேயே வைத்திருக்கிறேன். ஆடிப் பார்த்தது ஜிஇசட்டூமில், அதாவது டூமை இன்றைய கணினியில் புது வசதிகளோடு ஓட்டும் ஒரு போர்ட்டில்.

நடுவில் பம்பு கூடம். அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இரண்டு பச்சைக் கழிவுக் கால்வாய்கள். கிழக்கே கட்டுப்பாட்டு அறை, மேற்கே நீலச் சாவி. நீலக் கதவைத் திறந்து லிஃப்டில் இறங்கினால் வெளியேறும் சுவிட்ச். அல்ட்ரா வயலன்ஸ் என்ற கடின நிலையில் அரக்கர்கள்: 20 இம்ப், 6 பிங்கி, 4 ஷாட்கன்காரர்கள், 3 செயின்கன்னர், 2 ஹெல் நைட். மற்ற கடின நிலைகளில் குறைத்திருக்கிறேன். சீக்ரெட் இரண்டு.

எங்கே வழி தெரியாமல் நின்றீர்கள், எங்கே சலித்தது என்று சொன்னால் போதும். பாராட்டு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

#2 ஷாட்கன்_சரசு

பிஸ்டலோடு தொடங்கி அல்ட்ரா வயலன்ஸில் ஆடினேன், டிஎஸ்டிஏ-டூம் என்ற போர்ட்டில். முதலில் நல்லதைச் சொல்கிறேன். தொடங்கும் அறையின் ஜன்னல் வழியாகப் பம்பு கூடத்தின் அக்கரையில் ஒரு பச்சைக் கவசம் தெரிகிறது. கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்துக்குப் போய்ச் சேர்கிறோம். டூமின் முதல் மேப்பிலும் இதே வேலை நடக்கும். ஜன்னலுக்கு வெளியே நீலக் கவசம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும், போகும் வழி வளைந்த பாலம் உள்ள அறைக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். வெளியே ஓர் இடம் தெரிந்தால் ஆடுபவர் அங்கே எப்படியாவது போக முடிய வேண்டும் என்பது டூமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரோமேரோ தனக்கு வைத்துக்கொண்ட விதிகளில் ஒன்று.

இனி குறைகள். கட்டுப்பாட்டு அறைக் கதவு மேலே ஏறும்போது பக்கவாட்டில் உள்ள தடமும் சேர்ந்து ஏறுகிறது. அந்த இரண்டு லைன்டெஃபுக்கும் (மேப்பில் சுவரைக் குறிக்கும் கோடு) "லோயர் அன்பெக்டு" என்ற கொடியை, அதாவது அமைப்பை, போடுங்கள், தடம் அசையாமல் நிற்கும். கூடத்தின் வடக்குச் சுவரில் டெக்ஸ்சர் மூன்று இடத்தில் வெட்டுப்பட்டு நிற்கிறது, ஆட்டோ அலைன் செய்தால் ஒரு நிமிட வேலை.

பெரிய குறை சாவி அறை. சாவியை எடுத்ததும் இரண்டு பக்கச் சுவரும் இறங்குகின்றன. பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தால், உள்ளே இம்ப்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. நானே சுட்டு எழுப்ப வேண்டியதாயிற்று.

#3 கடைசி_ஷெல்

வடிவம் பிடித்திருக்கிறது. குண்டு போதவில்லை. சாவி அறையில் இரண்டாவது ஹெல் நைட்டைக் கையால் குத்திக் கொன்றேன், பெருமையாகச் சொல்லவில்லை.

#4 பழைய486

தம்பி, மூல எக்ஸ்இ-யில் ஓட வேண்டும் என்று எழுதியிருந்ததால், அதன் வரம்புகளை அப்படியே பின்பற்றும் சாக்லேட் டூமில் ஏற்றினேன். கூடத்தின் தெற்கு மேடையில் ஏறி வடக்கே திரும்பியதும் விளையாட்டே மூடிக்கொண்டது. "ஆர்_ஃபைண்ட்பிளேன்: நோ மோர் விஸ்பிளேன்ஸ்." ஆறேழு தடவை பார்த்தாயிற்று, அதே இடம், அதே செய்தி. ஒரே நேரத்தில் கண்ணில் படும் தரை, கூரைத் துண்டுகளுக்கான (விஸ்பிளேன்) வரம்பைத் தாண்டிவிட்டது. ஜிஇசட்டூமில் இந்த வரம்பே கிடையாது, அங்கே எவ்வளவு ஆடினாலும் தெரிய வராது.

#5 கால்வாய்க்காரன்

நன்றி. சாக்லேட் டூமை இப்போதுதான் இறக்கினேன், எனக்கும் அதே இடத்தில் மூடுகிறது. கதவுத் தடமும் சுவரும் சரிசெய்துவிட்டேன். சரசு அக்கா, அந்த இம்ப்களை எப்படி எழுப்புவது? சத்தம் கேட்டாலும் ஆளைப் பார்க்கும்வரை காத்திருக்கச் செய்யும் ஆம்புஷ் கொடியும் போடவில்லை.

486 சார், விஸ்பிளேன் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா? 128 என்ற எண் மட்டும்தான் தெரியும்.

#6 ரே_டிரேசிங்_ராஜா

ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த வரம்பு எதற்காக? 1993 டிசம்பரில் 486 கணினிக்கு எழுதிய எண் அது. டூமின் நிரலை எழுதிய கார்மாக் 1997 டிசம்பர் 23-லேயே மூலநிரலை வெளியே விட்டுவிட்டார். அடுத்த ஆண்டே டீம்டிஎன்டி குழு "பூம்" என்ற போர்ட்டைக் கொண்டுவந்து வரம்புகளை எல்லாம் தூக்கிவிட்டார்கள். இன்று ஜிஇசட்டூமில் சாய்தளம் உண்டு, வண்ண ஒளி உண்டு, ஒன்றின் மேல் ஒன்றாகத் தளம் வைக்கலாம். இவ்வளவும் இருக்கும்போது, இல்லாத ஒரு கணினிக்காக மேப்பை வெட்டிக் குறைக்கச் சொல்வது வீம்பு இல்லையா?

#7 ஷாட்கன்_சரசு

ராஜாவுக்கு 486 அண்ணன் பதில் சொல்லுவார், அவருக்குப் பிடித்த சண்டை. நான் இம்ப் விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

டூமில் நீங்கள் சுட்டதும் அந்தச் சத்தம் நீங்கள் நிற்கும் செக்டரிலிருந்து (ஒரே தரை உயரமும் கூரை உயரமும் கொண்ட பரப்பு) பக்கத்துச் செக்டருக்கும், அங்கிருந்து அடுத்ததற்கும் பரவிக்கொண்டே போகும். தூரக் கணக்கு எதுவும் இல்லை. திறப்பு இருந்தால் மேப்பின் கடைசி மூலை வரை கேட்கும். தரையும் கூரையும் ஒட்டி மூடியிருக்கும் இடத்தில் நின்றுவிடும். உங்கள் இம்ப் அறையின் சுவர் என்பது தரை கூரை வரை உயர்ந்த ஒரு மெல்லிய செக்டர். அது இறங்கும் வரை உள்ளே ஒரு சத்தமும் போகவில்லை. இறங்கியபோது நீங்கள் சுடவில்லை, அவை உங்களைப் பார்க்கவும் இல்லை. அப்புறம் ஏன் திரும்பப் போகின்றன?

செய்ய வேண்டியது இதுதான். இம்ப் அறைக்குள் ஒரு மூலையில் சின்னதாக ஒரு செக்டர் வரையுங்கள். அதையும் பம்பு கூடத்துச் செக்டரையும் தேர்ந்தெடுத்து "ஜாயின்" செய்யுங்கள். இரண்டும் ஒரே எண் கொண்ட ஒரே செக்டர் ஆகிவிடும், நடுவில் எவ்வளவு சுவர் இருந்தாலும் சரி. கூடத்தில் முதல் குண்டு வெடித்ததுமே உள்ளே இருப்பவை விழித்துச் சுவரை முட்டிக்கொண்டிருக்கும். சுவர் இறங்கியதும் பாய்ந்து வரும். ஒரே செக்டர் என்பதால் தரை உயரமும் ஒளியும் கூடத்தில் இருப்பதே அங்கும் இருக்கும், அதனால்தான் சின்னதாக வரையச் சொல்கிறேன்.

அதற்கு நேர் எதிரான சிக்கலும் உங்களிடம் இருக்கிறது. தொடக்க அறையில் சுட்டாலே கட்டுப்பாட்டு அறைச் செயின்கன்னர் மூன்று பேரும் எழுந்து வந்துவிடுகிறார்கள். தாழ்வாரத்தில் ஒலி தடுக்கும் லைன்டெஃப் இரண்டு போடுங்கள். ஒன்று போதாது. முதல் கோட்டைச் சத்தம் தாண்டிவிடும், இரண்டாவதில்தான் நிற்கும்.

#8 பழைய486

விஸ்பிளேன் முதலில், வீம்பு பிறகு.

டூம் சுவரை நெடுக்குக் கோடு கோடாக உடனே வரைந்துவிடும். தரையும் கூரையும் அப்படியில்லை. அந்த ஃபிரேமில் கண்ணுக்குப் படுகிற ஒவ்வொரு தரைத்துண்டையும் கூரைத்துண்டையும் ஒரு பட்டியலில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு மொத்தமாக நிரப்பும். அந்தப் பட்டியலில் 128 இடம். அடுத்தது வந்தால் வெளியே தள்ளிவிடும். இரண்டு செக்டரின் உயரம், தரைப்படம், ஒளி அளவு மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒரே இடத்தில் இரண்டும் அடங்கும். இதில் ஒரு நிபந்தனை. திரையின் ஒரு நெடுக்குக் கோட்டில் அதே தளம் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் அங்கே மறுபடி பதிய முடியாது, புது இடம் எடுத்துக்கொள்ளும்.

உன் கூடத்துக்கு இது எப்படிப் பொருந்துகிறது என்று பார். தெற்கு மேடையில் நின்றால் இக்கரைத் தரை, கால்வாய், நடுத் தரை, இன்னொரு கால்வாய், அக்கரைத் தரை என்று ஒரே நெடுக்குக் கோட்டில் வரிசையாகத் தெரிகின்றன. மூன்று தரையும் ஒரே உயரம், ஒரே படம். ஆனாலும் மூன்று தனித்தனி இடம். கால்வாய்க்கும் இரண்டு.

இதற்கு மேல் அந்த விளக்கு. எடிட்டரில் திறந்து பார்த்தேன். சுவர் விளக்கிலிருந்து ஒளி மெல்லக் குறைய வேண்டும் என்று 200, 192, 184 என்று எட்டெட்டாக இறக்கி 112 வரை பன்னிரண்டு பட்டைகள் வைத்திருக்கிறாய். டூம் ஒளியை 16-16 படியாகத்தான் காட்டும். 160-ம் 168-ம் திரையில் ஒன்றுதான். உன் பன்னிரண்டு பட்டையில் கண்ணுக்குத் தெரிவது ஆறு. ஆனால் பட்டியல் எழுதும்போது எண்ணை அப்படியே ஒப்பிடுவதால் 160 வேறு, 168 வேறு. தரைக்குப் பன்னிரண்டு, கூரைக்குப் பன்னிரண்டு, ஆக ஒரு விளக்குக்கு 24 இடம். இதுபோல் நான்கு விளக்கு அந்தக் கூடத்தில்.

பட்டையை ஆறாக்கு. ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அல்டிமேட் டூம் பில்டரில் விஸ்பிளேன் எக்ஸ்ப்ளோரர் என்று ஒரு முறை இருக்கிறது, மேப்பின் எந்த இடத்தில் நின்றால் எவ்வளவு ஆகும் என்று வண்ணமிட்டுக் காட்டும். அதில் சிவப்பு இல்லாமல் ஆகும்வரை வேலை செய்.

இனி ராஜா. நான் பழைய கணினிக்காகக் கேட்கவில்லை, என்னிடமும் அது இப்போது இல்லை. வரம்புக்குள் செய்த மேப் சாக்லேட் டூமில் ஓடும், டிஎஸ்டிஏ-யில் ஓடும், ஜிஇசட்டூமிலும் ஓடும். எவர் எதில் ஆடினாலும் சரி. ஜிஇசட்டூமுக்கு என்று செய்தது அதில் மட்டும்தான். தவிர, காம்ப்லெவல் 2-இல், அதாவது மூல டூம் 2 நடந்துகொள்ளும் விதத்தில், பதிவு செய்த டெமோவை (ஆட்டப் பதிவு) இன்னொருவர் தன் கணினியில் ஓட்டினால் ஒவ்வொரு இம்ப்பும் அதே இடத்தில் அதே நேரத்தில் விழும். மேப்பைக் குறைந்த நேரத்தில் முடிக்கப் போட்டியிடும் வேக ஓட்டக்காரர்களின் உலகமே அதில்தான் நிற்கிறது.

#9 ரே_டிரேசிங்_ராஜா

டெமோ வாதம் ஒத்துக்கொள்கிறேன், மற்றது இல்லை. ரோமேரோவே 2019-இல் சிஜில் என்ற மேப் தொகுப்பை வெளியிட்டபோது வரம்பு நீக்கிய போர்ட் வேண்டும் என்று வைத்தார். டூமை உருவாக்கியவருக்கே 128 தேவைப்படவில்லை. சன்லஸ்ட் என்ற மேப் தொகுப்பு பூம் வகைப் போர்ட்டில்தான் ஓடும், அதை யாரும் குறைத்துப் பேசுவதில்லை. அப்புறம் 2023 மார்ச்சில் வந்த மை ஹவுஸ் என்ற மேப்? அந்த ஆண்டு டூம் ஆடாதவர்கள்கூட அதைப் பற்றிப் பேசினார்கள். ஜிஇசட்டூம் இல்லாமல் அதை யோசிக்கவே முடியாது.

#10 முற்றத்து_பிங்கி

மை ஹவுஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. முதல் மேப் என்றால் எல்லோரும் சொந்த வீட்டைத்தான் வரைவார்கள். 1994 தொடக்கத்தில் டிஇயூ எடிட்டர் வந்ததிலிருந்து இதுதான் வழக்கம், ரசிகர் மேப்களைச் சேர்த்து வைக்கும் ஐடிகேம்ஸ் கிடங்கு முழுக்க வீடும் பள்ளிக்கூடமும் அலுவலகமும்தான். நானும் எங்கள் வீட்டை வரைந்தேன். முற்றம் சுலபம், கூரைக்கு வானத்தைப் போட்டால் முடிந்தது. திண்ணையை அளவெடுத்து வைத்தால் 24 யூனிட்டுக்கு மேல் போய்விட்டது, டூமில் அதற்கு மேல் கால் ஏறாது. சொந்த வீட்டுத் திண்ணையில் ஏற முடியாமல் வெளியே நின்றேன். மாடியை விட்டுவிட்டேன், கீழ்த்தளத்துக்கு நேர் மேலே இன்னொரு தளம் வைக்கப் பழைய டூமில் வழியே இல்லை.

#11 ஷாட்கன்_சரசு

பிங்கி சொன்னதில்தான் ராஜாவுக்கு என் பதில் இருக்கிறது. மை ஹவுஸ் தொடங்கும்போது அத்தனை பேரும் முதல் மேப்பாக வரைந்த சாதாரண வீடு மாதிரியே இருக்கும். அதே பழைய டெக்ஸ்சர்கள், அதே இம்ப்கள். மாடிப்படி ஏறுகிறோம், அறை இருக்கிறது. பல வருடமாக டூம் ஆடியவருக்கு அங்கேயே ஏதோ உறுத்தும், "இந்த மாடி எப்படி இங்கே இருக்கிறது?" என்று. அதற்கு அப்புறம் நடப்பதைச் சொல்ல மாட்டேன், ஆடாதவர்கள் ஆடட்டும். அந்த உறுத்தல் வேலை செய்வதே நமக்கு எல்லை எது என்று தெரிந்திருப்பதால்தான். டூமே தெரியாத ஒருவருக்கு மாடி என்பது மாடிதான்.

மற்றபடி எனக்கு இரண்டு பக்கமும் கட்சி இல்லை. நான் செய்வதெல்லாம் வரம்பு நீக்கிய போர்ட்டுக்குத்தான், 128-ஐ எண்ணிக்கொண்டிருக்கப் பொறுமை கிடையாது. ஆனால் இவர் முதல் பதிவிலேயே மூல எக்ஸ்இ என்று எழுதிவிட்டார். எழுதியபடி ஓட வேண்டும்.

#12 கடைசி_ஷெல்

நீங்கள் தத்துவம் பேசுங்கள், நான் குண்டு கணக்குப் போட்டேன்.

இம்ப்புக்கு உயிர் 60, பிங்கிக்கு 150, ஹெல் நைட்டுக்கு 500, செயின்கன்னருக்கு 70, ஷாட்கன்காரனுக்கு 30. இவர் பட்டியல்படி 1200 + 900 + 1000 + 210 + 120 = 3430. ஒரு ஷாட்கன் ஷெல்லில் 7 சிதறல், ஒவ்வொன்றும் 5 அல்லது 10 அல்லது 15, சராசரி 70. ஆக 49 ஷெல். இது ஒரு சிதறல்கூட வீணாகாமல் போனால்.

மேப்பில் கிடப்பது: ஷாட்கனோடு 8, ஒரு பெட்டியில் 20, நான்கு ஷாட்கன்காரர்கள் போடும் துப்பாக்கியில் தலைக்கு 4 வீதம் 16. மொத்தம் 44. அதில் 3080. பிஸ்டலோடு தொடங்கும் 50 தோட்டாவில் சராசரி 500, செயின்கன்னர் மூவரும் போடும் 30-இல் 300. கூட்டினால் 3880. தாளில் தப்பித்துவிடலாம். பிங்கி மூஞ்சிக்கு நேராக நின்றால்தான் ஏழு சிதறலும் விழும், கால்வாய்க்கு அக்கரையில் நிற்கும் இம்ப்புக்கு இரண்டு விழுந்தால் பெரிது. நான் எப்போதும் தேவையில் ஒன்றரை மடங்கு வைப்பேன். அதாவது இன்னும் ஒரு பெட்டி, கொஞ்சம் சில்லறை ஷெல்.

இல்லாவிட்டால் சாவி அறையில் பேரல் வையுங்கள். ஒரு பேரல் பக்கத்தில் வெடித்தால் 128 வரை சேதம், இம்ப் நான்கைந்து ஒன்றாக நின்றால் ஒரு குண்டில் முடியும். ஹெல் நைட்டையும் இம்ப்களையும் எதிரெதிர்ப் பக்கம் வைத்தால் நடுவில் ஓடி அவர்களுக்குள் சண்டை மூட்டலாம். இப்போது ஒரே பக்கம் ஹெல் நைட் இரண்டும் நிற்கின்றன. ஒன்றின் பச்சை உருண்டை இன்னொன்றைக் காயப்படுத்தாது, அங்கே எந்தச் சண்டையும் நடக்காது.

#13 புதுசு_2

வணக்கம், நான் புதிது. ஷேர்வேர் டூம் (இலவச மாதிரிப் பதிப்பு) மட்டும் வைத்திருக்கிறேன். உங்கள் கோப்பை ஏற்றினால் பதிவு செய்யச் சொல்லித் திட்டுகிறது. என்ன செய்வது?

#14 பழைய486

அது பழுது இல்லை, வேண்டுமென்றே வைத்தது. வெளியார் மேப்கள் காசு கொடுத்து வாங்கிய பதிப்பில் மட்டும் ஓட வேண்டும் என்று டூமை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் அன்றே முடிவெடுத்தது. தவிர இது டூம் 2 மேப், செயின்கன்னரும் ஹெல் நைட்டும் முதல் டூமிலேயே கிடையாது. காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால் ஃப்ரீடூம் இறக்குங்கள், இலவசம். அதில் "ஃபேஸ் 2" என்பது டூம் 2-க்கு மாற்று. படங்களும் சத்தங்களும் வேறாக இருக்கும், மேப் ஓடும்.

#15 கால்வாய்க்காரன்

இரண்டாம் பதிப்பு இணைத்திருக்கிறேன்.

ஒளிப்பட்டைகள் ஆறு ஆகிவிட்டன. 486 சார் சொன்னது சரி, பக்கத்தில் வைத்துப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் தெற்கு மேடையில் சிவப்பு போகவில்லை. கடைசியில் கால்வாய்களுக்கு மேலே இருந்த கூரைகளை எடுத்துவிட்டு வானம் வைத்தேன். எக்ஸ்ப்ளோரரில் மளமளவென்று இறங்கியது, ஏன் என்று புரியவில்லை. சாக்லேட் டூமில் கூடம் முழுக்க ஓடிப் பார்த்தேன், மூடவில்லை.

சாவி அறையில் சின்னச் செக்டரை இணைத்தாயிற்று. இப்போது சுவர் இறங்குவதற்கு முன்பே உள்ளே இம்ப்கள் உறுமுவது கேட்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டேன். ஹெல் நைட்டுகளை வடக்கே தள்ளி எதிரே இம்ப்களை வைத்தேன். மூன்று பேரல், ஒரு பெட்டி ஷெல்.

#16 பழைய486

டூம் எல்லா வானத்தையும் ஒரே தளமாகத்தான் எடுத்துக்கொள்ளும். உயரம், ஒளி எதுவாக வைத்தாலும் பட்டியலில் எழுதும்முன் இரண்டையும் பூஜ்யமாக்கிவிடும். முன்பு இரண்டு கால்வாய்க் கூரையும் அவற்றின் ஒளித்துண்டுகளும் தனித்தனி இடம் பிடித்தன, இப்போது பெரும்பாலும் ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிடுகின்றன.

புதுக் கூடத்தை இப்போதுதான் பார்த்தேன். கால்வாய் மேல் வெளிச்சம் விழுகிறது, நடைபாதை இருட்டாக இருக்கிறது. முன்பு எல்லாம் ஒரே சாம்பல். இது நன்றாக இருக்கிறது தம்பி. ராஜா கவனிக்க: 128 இல்லாவிட்டால் இந்தக் கூரை திறந்திருக்காது.

#17 ரே_டிரேசிங்_ராஜா

கவனித்தேன். கூடம் அழகாகிவிட்டது என்பதும் உண்மை. ஆனால் அது தற்செயல் சார். வரம்புக்குப் பயந்து எதையோ வெட்டினார், வெட்டிய இடம் நல்ல இடமாக அமைந்தது. இதே வரம்புக்குப் பயந்து ஜன்னலை அடைத்தவர்கள், மேடையை உடைத்தவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் மேப்பை யாரும் எடுத்துக்காட்டாகச் சொல்வதில்லை.

#18 பழைய486

ஜன்னலை அடைத்தவர்களில் நானும் உண்டு. ஆனால் பேக் டு சாட்டர்ன் எக்ஸ் ஆடிப் பார்த்துவிட்டு வாருங்கள். அதுவும் மூல எக்ஸ்இ-யில் ஓடும் மேப் தொகுப்புதான். எங்கே 128 தடுத்தது என்று காட்டினால் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன்.

#19 ரே_டிரேசிங்_ராஜா

அதைச் செய்தவர்கள் விஸ்பிளேன் எண்ணுவதில் செலவழித்த நேரத்தில் இன்னும் நாலு மேப் செய்திருக்கலாம் என்பதுதான் என் பக்கம். சரி, இவர் இழையை நாம் தூக்கிக்கொண்டு போகிறோம், நிறுத்திக்கொள்கிறேன்.

#20 முற்றத்து_பிங்கி

இரண்டாம் பதிப்பை "ஹே, நாட் டூ ரஃப்" நிலையில் ஆடினேன், நமக்கு அதுதான் ஒத்துவரும். நீலச் சாவியே இல்லை. மேடை வெறுமையாக இருக்கிறது. எடுக்கச் சாவி இல்லாததால் சுவரும் இறங்கவில்லை, கதவும் திறக்கவில்லை, வெகுநேரம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

#21 ஷாட்கன்_சரசு

சாவி மேல் "ஈஸி" கொடி விழாமல் இருக்கும். கும்பலாகத் தேர்ந்தெடுத்து அரக்கர்களின் கொடியை மாற்றும்போது சாவியும் சேர்ந்து மாறியிருக்கும். இதற்கு மிகப் பெரிய முன்னோடி உண்டு. 1996-இல் கடைக்கு வந்த ஃபைனல் டூமில், டிஎன்டி: எவில்யூஷன் மேப்31-இல் மஞ்சள் சாவிக்குப் பலர் ஆடும் ஆட்டத்துக்கான கொடி போட்டுவிட்டார்கள். தனியாக ஆடினால் சாவியே வராது. பெட்டியில் போட்டு விற்ற விளையாட்டு அது. பிறகு திருத்திய மேப்பைத் தனியாக வெளியிட்டார்கள்.

ஐந்து கடின நிலைக்கும் கொடி மூன்றுதான்: முதல் இரண்டுக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, கடைசி இரண்டுக்கு ஒன்று. மூன்றிலும் ஒரு தடவை நுழைந்து சாவியும் வெளியேறும் வழியும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். அரக்கர்களை ஒரு சீட் கோடில் கொன்றுவிட்டு நடக்கலாம், அதிக நேரம் ஆகாது.

#22 கால்வாய்க்காரன்

மூன்றாம் பதிப்பு மேலே. மூன்று நிலையிலும் சாவி இருக்கிறது, பார்த்தாயிற்று. அதுவாவது பரவாயில்லை என்று நினைத்தால் சாக்லேட் டூமில் இன்னொன்று பிடிபட்டது. கால்வாய்க் கரையில் நிற்கிறேன், கீழே கால்வாயில் பிங்கி. என்னைவிட 96 யூனிட் தாழ்வான இடம். அங்கிருந்தே என்னைக் கடிக்கிறது. ஜிஇசட்டூமில் இப்படி நடக்கவில்லை. மேப்பில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

#23 பழைய486

மேப்பில் ஒன்றும் இல்லை. மூல டூமில் அரக்கர் கைநீட்டி அடிக்கும் தாக்குதலுக்கு உயரக் கணக்கு கிடையாது. மேலிருந்து பார்த்த தூரம் மட்டும்தான். எல்லா அரக்கருக்கும் உயரம் முடிவில்லாதது என்று வைத்துக்கொள், பாதி விஷயம் புரிந்துவிடும். கரையோரம் வேலி மாதிரி ஒரு தடுப்புக் கோட்டைப் பிங்கி எட்டாத தூரத்தில் போடலாம். போடாமலும் விடலாம், பழைய ஆட்டக்காரர்கள் கரையோரம் நிற்க மாட்டார்கள்.

கிழக்குப் பக்க சீக்ரெட்டைக் கண்டுபிடித்துவிட்டேன், சுவர் டெக்ஸ்சர் ஒரு பக்கம் நகர்ந்து இருந்தது. இன்னொன்று எங்கே?

#24 கால்வாய்க்காரன்

அந்தச் சுவர் நகர்ந்திருப்பது வேண்டுமென்றே வைத்தது சார், ஆட்டோ அலைன் செய்யாமல் விட்ட ஒரே சுவர். இன்னொன்றுக்குக் கால்வாயில் இறங்க வேண்டும். கழிவு சுடாமல் காக்கும் கவச உடை லிஃப்டுக்குப் பின்னால் இருக்கிறது.

வேலி போடவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

#25 கடைசி_ஷெல்

மூன்றாம் பதிப்பை முடித்தேன். குண்டு இப்போது சரியாக இருக்கிறது, கடைசியில் ஒன்பது ஷெல் மிச்சம். ஹெல் நைட் ஒன்றை இம்ப்களே முக்கால்வாசி தின்றுவிட்டன. டெமோ இணைத்திருக்கிறேன், காம்ப்லெவல் 2.

ஒரு சந்தேகம். வெளியேறும் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி ஷெல் வைத்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகு சுட ஒருவரும் இல்லையே?

#26 கால்வாய்க்காரன்

என் கோப்பில் மேப்01 மட்டும்தான். சுவிட்சை அமுக்கினால் டூம் 2-இன் சொந்த மேப்02, அண்டர்ஹால்ஸ் தொடங்கிவிடும். அங்கே தொடர்ந்து ஆடுகிறவர்களுக்காக வைத்தது.